சுவரில் ஒரு முதியவர், வீட்டுக்குள் ஒரு தாத்தா

ஈப்போ பழைய நகரில் ஒரு முதியவர் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். 2014-இல் கையில் எடுத்த கோப்பை, இன்னும் கீழே வைக்கவில்லை. ஆளுயரத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு இருப்பார். கன்னச் சுருக்கம், வெளுத்த முடி, விரல் முட்டி எல்லாம் துல்லியம். விடுமுறை நாளில் அவர் முன்னால் நின்று படம் எடுக்க வரிசை பிடிக்க வேண்டும்.

போன பள்ளி விடுமுறையில் அண்ணன் மகளை அழைத்துப் போயிருந்தேன். ஒன்பது வயது. படம் எடுத்து முடித்ததும் கேட்டாள்: "சித்தப்பா, இந்தத் தாத்தா யாரு?"

"யாருமில்லம்மா. சும்மா வரைஞ்சது."

"யாருமில்லாத ஆள இவ்ளோ பெருசாவா வரைவாங்க?"

பதில் தெரியாமல் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் இன்னொரு தாத்தா நினைவுக்கு வந்தார். அவருக்கும் ஈப்போதான். அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் அறுபது ஆண்டுகளுக்குமேல் அவருடைய சொந்தக் குடும்பமே அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னதில்லை. ஷென் ஹுவான்ஷெங். சீனப் பத்திரிகை ஆசிரியர். கழுத்தில் கேமரா மாட்டியபடி நிற்கும் ஒரு பழைய படம் வீட்டில் இருந்தது. பேத்திக்கு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பேத்தி சிம் சி யின், 1978-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். வரலாறு படித்து, நாளிதழில் வேலை பார்த்து, பிறகு புகைப்படக் கலைஞரானார். தாத்தாவைத் தேடிப் போன பயணம் 'ஒருநாள் நமக்குப் புரியும்' என்ற பொருள்படும் தலைப்பில் பல ஆண்டுத் தொடர்பணியாக வளர்ந்தது.

ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவான கலை. ஒன்று யாருமல்லாத ஒருவரைச் சுவரளவுக்குப் பெரிதாக்குகிறது. மற்றொன்று மறைக்கப்பட்ட ஒருவரைத் தேடிப் போய், கடைசியில் பெரும்பாலும் ஆளில்லாத படங்களோடு திரும்புகிறது. இரண்டுமே 'பழைய ஈப்போ' பற்றியவை என்று சொல்லலாம். எந்தப் பழைய ஈப்போ என்பதுதான் கேள்வி.

முதலில் சுவர். வரைந்தவர் எர்னஸ்ட் ஸகாரெவிச், லித்துவேனியாக்காரர், 1986-இல் பிறந்தவர். 2012-இல் பினாங்கு ஜார்ஜ் டவுனில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை வரைந்து உலகப் புகழ் பெற்றார். ஈப்போவுக்கு அவரை அழைத்து வந்தது ஓல்ட் டவுன் ஒயிட் காப்பி நிறுவனம். கோப்பி குடிக்கும் முதியவர், காகித விமானத்தில் ஏறிய பிள்ளைகள், கட்டித் தொங்கும் கோப்பி-ஓ பொட்டலங்கள், ஒரு சைக்கிள் ரிக்‌ஷா என்று பழைய நகரம் முழுக்கச் சுவர்கள் நிறைந்தன. 1999-இல் ஈப்போவில் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2018-இல் ஒரு டச்சுக் கோப்பி நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஊர் நினைவும் விலைக்குப் போகும் சரக்குதான். அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அந்தச் சுவர்கள் வந்த பிறகுதான் பாழடைந்து கிடந்த பல கடைவீடுகளுக்கு வெளிச்சம் வந்தது.

ஸகாரெவிச் பல் இல்லாத ஓவியர் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2013-இல் ஜொகூர் பாருவில் ஒரு தெரு முனையில் கைப்பையோடு நடந்து வரும் லெகோ பொம்மைப் பெண்ணையும், திருப்பத்தில் கத்தியோடு பதுங்கி நிற்கும் லெகோ திருடனையும் வரைந்தார். ஊருக்கே பிடித்த ஓவியம். நகராட்சிக்குப் பிடிக்கவில்லை, சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார்கள். கடிக்கத் தெரிந்தவர்தான் அவர். ஈப்போ சுவரில் கடிக்கவில்லை.

ஈப்போவுக்குச் சுவர்ப்படம் புதிதும் அல்ல. ஊருக்கு வெளியே தம்புன் சுண்ணாம்புக் குன்றில் செங்காவியில் வரைந்த மனித உருவங்களும் விலங்குகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கின்றன. 1959-இல் கூர்க்கா படைப்பிரிவைச் சேர்ந்த ராவ்லிங்ஸ் என்ற அதிகாரி அவற்றைக் கண்டு சொன்னார். ஆண்டைக் கவனியுங்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் இன்னும் முடியாத நேரம். ஆளைத் தேடிக் காடும் குகையுமாகப் படைகள் அலைந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு படைவீரர் கண்ணில் தொல்லியல் பட்டது. இந்தப் பேராக் மாநிலத்தில் நிலத்தைக் கூர்ந்து பார்த்தவர்களில் முக்கால்வாசிப்பேர் யாரையோ பிடிக்கத்தான் பார்த்தார்கள்.

அந்த அவசரகாலம் தொடங்கிய இடமும் பேராக்தான். 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். சிம்மின் தாத்தா ஷென் கைதாகி, 1949-இல் சீனாவுக்கு நாடு கடத்தப்பட்டார். குவாங்டோங்கில் பூர்வீகக் கிராமத்துக்குப் போனவரை, தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்த கோமிந்தாங் படையினர் அதே ஆண்டில் கொன்றார்கள். அங்கே அவருக்கு நினைவுத்தூண் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே தியாகி, இங்கே வாய் திறக்கக் கூடாத பெயர்.

பேத்தி அந்த வாய்ப்பூட்டை எப்படித் திறக்கிறார் என்பதில்தான் சுவரோவியத்துக்கும் அவருக்குமான வேற்றுமை துலங்குகிறது. சுவரோவியர் முகத்திலிருந்து தொடங்குகிறார். முகம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. சிம் முதுகிலிருந்து தொடங்குகிறார். இது உவமை அல்ல. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ள அவசரகாலப் படங்களை எடுத்து, பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ச்சி மறுபடியும் படமெடுத்தார். வெளிச்சத்தில் தாளின் பின்பக்கம் முன்னால் ஊறிவருகிறது: தட்டச்சு செய்த குறிப்பு, ரப்பர் முத்திரை, எண்கள். படத்தில் இருக்கும் ஆளின் மார்பிலும் முகத்திலும், அவரை இன்னார் என்று முடிவு செய்த அரசாங்கத்தின் எழுத்து இடவலம் மாறி ஓடுகிறது. ஒரு மனிதரைப் பார்க்கிறோமா, அவரைப் பற்றிய கோப்பைப் பார்க்கிறோமா என்று பிரித்தறிய முடிவதில்லை. தொல்லியல் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான கலைச்செயல் எனக்குத் தோன்றவில்லை. மண்ணைத் தோண்டவில்லை, ஒரு தாளின் இரண்டு பக்கத்துக்கு நடுவில் தோண்டுகிறார்.

இன்னொரு பணியில், நாடு கடத்தப்பட்டுச் சீனாவிலேயே கிழடாகிப்போன அந்நாள் இடதுசாரிகளைக் கேமராவுக்கு முன்னால் பாட வைக்கிறார். சர்வதேச கீதத்தையும் மலாயாவுக்கு விடைசொல்லும் ஒரு பாட்டையும் பாடுகிறார்கள். சிலருக்கு வரி மறந்துபோகிறது. தடுமாறுகிறார்கள், மறுபடி பிடிக்கிறார்கள். மறதியையே பதிவு செய்கிற படம் அது. ஈப்போ சுவரில் மறதிக்கு இடமில்லை, அங்கே எல்லாமே நன்றாக நினைவிருக்கிறது.

சைக்கிள் ரிக்‌ஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரிலும் ரிக்‌ஷா உண்டு. சிம்மின் பணியிலும் ரிக்‌ஷா உண்டு, ஆனால் தலைப்பில்: பாட்டியைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூலின் பெயருக்கு 'அதன்பிறகு அவள் அந்த ரிக்‌ஷாவில் ஏறவே இல்லை' என்று பொருள். ஒரே வண்டிதான். தெருவில் அது சுற்றுலாப் பயணிக்கு இனிக்கும் பழமை. வீட்டுக்குள் ஒரு பெண் தொட மறுத்த பொருள். பழைய பொருளைப் பார்த்தவுடன் நெஞ்சு இளகுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பொருளால் காயப்படாதவர்கள் என்று சொல்லிவிட்டால் அதிகமாகிவிடும். ஆனால் சொல்லத் தோன்றுகிறது.

இங்கேயே நிறுத்தினால் சுவர் மேலோட்டம், புகைப்படம் ஆழம் என்று தீர்ப்பு எழுதிவிடலாம். எனக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. முதலாவது, சிம்மின் பணி ஹாங்காங்கிலும் பிரான்சின் ஆர்லிலும் பெர்லினிலும் காட்சிக்கு வந்தது. ஈப்போ சந்தையில் காய் விற்கும் அத்தைக்கு அது எட்டாது. முதியவரோ மழையிலும் வெயிலிலும் காசு வாங்காமல் நிற்கிறார். அண்ணன் மகள் கேள்வி கேட்டது அவர் முன்னால்தான்.

இரண்டாவது காரணம் தோட்டத்துக்காரனுக்கு மட்டும் தோன்றுவது. சிம், அவசரகாலச் சம்பவங்கள் நடந்த நிலங்களை இப்போது போய் எடுத்திருக்கிறார். காடும் தோட்டமுமாய், அமைதியாய், பெரும்பாலும் ஆளே இல்லாமல். இப்படிப்பட்ட படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் உடனே 'மரங்கள் சாட்சி' என்பார்கள். நான் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். மரம் சாட்சி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

மரம் வெட்டுவது என்றால் எங்கள் பேச்சில் மரத்தைச் சாய்ப்பது அல்ல, ரப்பர்ப் பால் எடுப்பது. இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நிரைக்குள் இறங்கி, வெயில் ஏறும் முன் வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சாயும் பழைய கோட்டின்மேல் நேற்று உறைந்த கோட்டுப்பாலை இழுத்து எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, கத்தியை வைத்து ஒரு காசு கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கூடிப்போய்க் கத்தி கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்தில் புண் விழும், ஆறும்போது முண்டு முண்டாய்க் கட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் மறுபடி கத்தி ஓடாது. யார் வெட்டிய மரம் என்று கிராணி பட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆக, மரத்தில் எழுத்து உண்டு. கை உண்டு. சிலருடைய அவசரம், சிலருடைய காய்ச்சல், சிலருடைய கோபம் எல்லாம் உண்டு.

ஆனால் அந்த மரத்துக்கு ஆயுள் இருபத்தைந்து, முப்பது ஆண்டு. பால் வற்றினால் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று நடுவார்கள், அல்லது செம்பனைக்கு மாறிவிடுவார்கள். சாய்த்த மரம் முன்பெல்லாம் விறகானது, எண்பதுகளுக்குப் பிறகு மேசை நாற்காலியாகி ஏற்றுமதியாகிறது. 1948-இல் சுங்கை சிப்புட்டுத் தோட்டங்களில் நின்ற ரப்பர் மரம் எதுவும் சாட்சி சொல்ல இன்று அங்கே நிற்க வழியில்லை. அதன் பேரப்பிள்ளை நிற்கலாம். சிம்முடைய தாத்தாவுக்கு அவர் எப்படியோ அப்படி. இதைச் சொல்வது அந்தப் படங்களைக் குறைத்துப் பேச அல்ல. வெற்று நிலத்தைக் காட்டும்போது கலைஞர் நேர்மையாகவே இருக்கிறார், எழுதுகிறவர்கள்தான் மரத்தின் வாயில் சொல் வைக்கிறார்கள்.

மரத்தைச் சாட்சியாக நிறுத்தாமல் வேறு விதமாகப் பார்த்த ஒருவர் அதற்கு முன்பே இருந்தார். பினாங்கில் 1960-இல் பிறந்த வோங் ஹோய் சியோங். 1996-இல் கோலாலம்பூர் தேசிய ஓவியக் கூடத்தில் அவர் வைத்த கண்காட்சியின் தலைப்பே குடியேறிகளையும் ரப்பர் மரங்களையும் பற்றியது என்றது. குடும்பக் கதைகளைப் பெரிய தாளில் கரியால் தீட்டியிருந்தார். ஒரு படத்தின் பெயர், ரப்பர் மரம் வெட்டுபவருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் நடந்த திருமணம். மரமும் ஒரு குடியேறி என்பதுதான் அவர் கண்டுகொண்டது. 1876-இல் பிரேசிலிலிருந்து விதையாய்க் கிளம்பி, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கை வழியாக 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தவை இருபத்திரண்டு கன்றுகள். அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். ஒரு மரம் இன்னும் அங்கே மாவட்ட அலுவலகம் அருகே வேலிக்குள் நிற்கிறது. எங்கள் முன்னோருக்கு அப்படி வேலி போட்டுப் பெயர்ப்பலகை வைத்த இடம் எதுவும் இல்லை என்று கேலியாகச் சொல்வதுண்டு. வேலி போட்டார்கள், அது வேறு வேலி.

அப்பாயி சொல்வார். அவசரகாலத்தில் லயத்தைச் சுற்றி முள்கம்பி. காலையில் நிரைக்குப் போகும்போது வாசலில் சோதனை. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று சோறு எடுத்துப் போகத் தடை. கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் தருவார், சேர்த்து வைக்க முடியாதபடி. "பால் வாளிக்குள்ள கைய விட்டுத் துழாவுவான். வெறும் வாளி, அதுல என்ன இருக்கும்? திரும்பி வரையில பாலா இருக்கும், அப்பவும் குச்சிய விட்டுப் பாப்பான்." இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். பசித்த கதையைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், பத்து மணிக்குக் கண் இருட்டி மரத்தடியில் உட்கார்ந்த கதையையும்.

ஷென் கொல்லப்பட்ட அதே 1949-இல், மே 4 அன்று, கோலாலம்பூர் புடு சிறையில் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். தஞ்சை மண்ணில் பிறந்தவர், அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். அதற்கு முதல் நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தோட்டங்களில் அந்தப் பெயர்களுக்கும் நடந்தது அதே வாய்ப்பூட்டுதான். பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்று பெரியவர்கள் தொண்டையைத் தாழ்த்திக்கொள்வார்கள். இந்த மாதிரி மௌனங்களை நாங்கள் உடைத்தது பெரும்பாலும் எழுத்தில். ஜப்பானியர் எங்கள் ஆட்களைக் கொண்டுபோன சயாம் மரண ரயில் பாதைக்கு நாவல் வந்தது, ஆர். சண்முகம் எழுதினார். தோட்டம் துண்டாடப்பட்டு நகர விளிம்புக்குத் தள்ளப்பட்டவர்களின் கதைக்கு 2015-இல் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' படம் வந்தது. சொல் கைவசம் இருந்தது. கழுத்தில் கேமரா மாட்டிய தாத்தா எங்களுக்கு இல்லை. எங்கள் வீட்டில் இருந்த ஒரே பழைய படம் அடையாளக் கார்டுக்கு எடுத்தது, அதையும் எடுக்கச் சொன்னது அரசாங்கம்.

இந்த இடத்தில் இரண்டு தாத்தாக்களையும் மறுபடி பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். சுவரில் இருப்பவருக்குச் சாயல் உண்டு, ஆள் இல்லை. சிம்முடைய தாத்தா ஆள், அவருடைய சாயல்தான் ஒரு பழைய படத்துக்குமேல் அதிகம் கிடைக்கவில்லை. அதனால்தான் பேத்தி 2023 வாக்கில் பழைய மாயவிளக்குக் கண்ணாடிப் படங்களை எடுத்து, காலனிகால மலாயாக் காட்சிகளுக்குள் தாத்தாவையும் தன் மகனையும் செருகிப் பார்த்தார். சந்தித்திருக்கவே முடியாத இருவரை ஒரே கண்ணாடியில் நிறுத்துவது பொய்தானே என்றால், ஆமாம், பொய்தான். யாருமல்லாத முதியவரைச் சுவரில் வரைவதும் பொய்தான். ஆனால் முதல் பொய்க்கு ஒரு தேவை இருந்தது. எனக்கு இரண்டில் எது பிடிக்கும் என்று கேட்டால் தயங்க மாட்டேன். எது எங்கள் ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்டால்தான் தயங்குவேன்.

விடுமுறை முடிவதற்குள் அண்ணன் மகளைப் பத்து காஜா பக்கமும் அழைத்துப் போனேன். கெல்லிஸ் கோட்டைக்குத்தான் எல்லோரும் போவார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி, மதராசிலிருந்து கொத்தனார்களையும் இந்தியாவிலிருந்து செங்கல்லையும் வரவழைத்து, 1915 முதல் கட்டிய மாளிகை. பாதி வேலையில் தொழிலாளர் பலரை விஷக்காய்ச்சல் கொண்டுபோனது. 1926-இல் லிஸ்பனில் நிமோனியா ஸ்மித்தைக் கொண்டுபோனது. மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. காய்ச்சல் நேரத்தில் தொழிலாளர் கேட்டுக்கொண்டதால் சற்றுத் தள்ளி மாரியம்மன் கோயில் ஒன்றும் எழும்பியது. அந்தக் கோயில்தான் எனக்கு முக்கியம்.

கோயில் கூரைமேல் சுதைத் தெய்வங்களுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாய் ஒருவர் நிற்கிறார். சாமிகளோடு சாமியாக. கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் தெய்வங்களுக்கு வண்ணம் பூசும்போது அவருக்கும் சேர்த்துப் பூசிவிடுவார்கள். அதனால் ஈப்போ முதியவரைப் போல இவர் வெளுப்பதில்லை. அதே பத்து காஜாவில், சுங்கை சிப்புட்டில் சுடப்பட்ட மூவருக்கும் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அங்கே நான் அவளை அழைத்துப் போகவில்லை, வெயில் ஏறிவிட்டது.

அண்ணன் மகள் கோயில் மேலிருந்தவரை அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவரு யாரு?"

இந்தத் தடவை பதில் தயாராக இருந்தது. "தொர. கெல்லி ஸ்மித்துன்னு பேரு."

"செஞ்சது யாரு?"

கோயில் திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா எனக்கு முந்திக்கொண்டார். "ஊர்லேருந்து வந்த ஆளுங்க, கண்ணு."

"எந்த ஊரு?"

அந்த அம்மா நாரைப் பல்லில் கடித்து அறுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.